நீர் நின்ற நிலமும் வானத்துக் கண்ணும்

நுழையும்முன்

நீரின்றி வாடும் பயிரின் துன்பம் எல்லார் கண்ணுக்கும் படுகிறது. நீர் மிகுந்து அழியும் நிலத்தின் துன்பமோ ஊரார் சிலர் மட்டுமே அறிந்தது. கால்வாய்ப் பாசனப் பகுதிகளில் நீர் தேங்கிக் கெட்ட நிலங்களைச் செயற்கைக்கோள் படங்களால் கண்டறியும் முறை இன்று வளர்ந்துள்ளது. அம்முறையின் ஆற்றலையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

செப்பேடு காட்டும் நிலக்கணக்கு

திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் திருவாலங்காடு. 1905ஆம் ஆண்டு இங்குக் கண்டெடுக்கப்பட்ட செப்பேடுகள் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தவை. 31 ஏடுகள் கொண்டவை. அவற்றுள் சோழர் மரபுவழியைக் கூறும் பகுதியையே வரலாற்று நூல்கள் மிகுதியாக எடுத்தாளுகின்றன. ஆனால், அச்செப்பேடு எழுந்த நோக்கம் ஒரு நிலக்கணக்கே. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு உரிமையாக்கிய செய்தியை அது பதிவு செய்கிறது. பெண்யானையை எல்லை நெடுகிலும் நடத்திச் சென்று, அது நடந்த வழியே ஊரெல்லையை வரையறுத்த அக்கால வழக்கத்தையும் அதில் காணலாம்.

சோழர் காலக் கொடை ஆவணங்களில் மற்றொரு வழக்கமும் உண்டு. ஓர் ஊரின் நிலவகைகளைச் சொல்லுமிடத்தில் நன்செய், புன்செய் ஆகியவற்றோடு களரும் உவரும் தனித்துச் சுட்டப்படும். விளையாத நிலமும் கணக்கில் ஏறியது. கல்லாதவரைப் பயன் விளையாத களர்நிலத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். எனவே, நிலம் கெடுவதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதற்குப் பெயரும் இட்டிருந்தனர். கெட்ட நிலம் எவ்வளவு, அது எங்கே இருக்கிறது, யாருடையது என்பவற்றை ஓர் ஊரளவில் எழுதிவைத்தால் அன்று போதுமானதாக இருந்தது. பெரும் கால்வாய்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் இந்நாளில், ஓர் ஊரின் வயலில் நிற்கும் நீருக்கு நாற்பது கல் தொலைவில் உள்ள மதகும் காரணமாக இருக்கக்கூடும். அதனால்தான் வானத்திலிருந்து பார்க்கவேண்டிய தேவை எழுந்தது.

நீர் எவ்வாறு நிலத்தைக் கெடுக்கிறது?

மண்ணால் அமைந்த கால்வாயில் ஓடும் நீரின் ஒரு பகுதி கரையிலும் அடியிலும் கசிந்து கீழிறங்குகிறது. வயலுக்குத் தேவைக்கு மேல் பாய்ச்சிய நீரும் அதனோடு சேர்கிறது. இயற்கை வடிகால்கள் திறந்திருந்தால் இந்நீர் ஓடையை அடைந்துவிடும். வடிகால் தூர்ந்தாலோ, சாலைமேடும் இரயில்மேடும் குறுக்கிட்டாலோ, அடியில் இறுகிய மண்ணடுக்கு இருந்தாலோ நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயரும். மட்டம் வேரடியை எட்டியதும் மண்ணிலுள்ள காற்று வெளியேறும். வேர் மூச்சு முட்டும். நெல் ஓரளவு தாங்கும். உளுந்து, பருத்தி, வாழை ஆகியவை தாங்குவதில்லை.

கேடு அத்துடன் நிற்பதில்லை. மேலேறிய நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேற்பரப்புக்கு வந்து வெயிலில் ஆவியாகும். அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் தங்கிவிடும். கோடையில் வயல் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதைக் கண்ட உழவர், அந்நிலம் கைவிட்டுப் போகிறது என்பதை உணர்வர். வெள்ளம் ஒரே நாளில் வரும், செய்தியாகும், நிவாரணமும் பெறும். இவ்வூறலோ பத்து, பதினைந்து ஆண்டுகளில் வருவது. இன்ன நாளில் பயிர் அழிந்தது என்று எவரும் சான்று தரமுடியாது. கிராம அடங்கலில் அந்நிலம் நன்செய் என்றே தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும்.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய சிக்கலன்று. பண்டைய மெசொப்பொத்தேமியாவின் வயல்கள் உப்பேறிக் கெட்டதற்குப் பாசனமே காரணமாயிற்று என அறிஞர் கூறுவர். இராசத்தானின் பாலைநிலத்துக்கு நீர் கொண்டுசென்ற இந்திராகாந்தி கால்வாயின் பணி 1958இல் தொடங்கியது. வறண்ட நிலத்தில் பசுமை வந்தது உண்மை. அனுமன்கர் மாவட்டத்துத் தாழ்நிலங்களில் ஆழமில்லாத கடினமான அடுக்கின் மேல் நீர் தேங்கி, வயல்களும் வீடுகளும் கைவிடப்பட்டதும் உண்மையே. பாலைவனத்தில் சதுப்பு உண்டானதை அங்குள்ள முதியோர் இளமையில் கற்பனையும் செய்திருக்க மாட்டார்கள்.

வானத்துக் கண் காண்பது

1972இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட், நிலத்தை ஆய்வதற்கென்றே அமைந்த செயற்கைக்கோள் ஆகும். இந்தியா தன் முதல் முழுப்பயன்பாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ-யை 1988 மார்ச் 17 அன்று விண்ணுக்கு அனுப்பியது. அதுமுதல் ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்துக்கு நாட்டின் நிலப்படங்கள் இடைவிடாமல் வந்து சேர்கின்றன.

இப்படங்களின் நுட்பம் ஒளியைப் பிரித்துப் பார்ப்பதில் உள்ளது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிரைப் பசும்பயிர் மிகுதியாக எதிரொளிக்கும். நீர் அதனை உறிஞ்சிக்கொள்ளும். எனவே, வழக்கமான பொய்வண்ணப் படத்தில் செழித்த பயிர் சிவப்பாகவும், தேங்கிய நீர் கறுப்பாகவும், உப்புப் பூத்த மண் வெண்மையாகவும் தோன்றும். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டிலும் கறுப்பாக இருக்கும் இடம் ஆண்டு முழுவதும் நீர் தேங்கிய நிலம். மழைக்குப்பின் மட்டும் கறுப்பாகும் இடம் பருவத்தில் தேங்கும் நிலம். ஏரி, குளம், ஆறு ஆகியவற்றை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். ஏரிகள் நிறைந்த திருவள்ளூர் போன்ற மாவட்டத்தில் இவ்வொரு வேலையே பெரிது.

கேட்பதற்கு எளிதாக உள்ள இம்முறை, தமிழகத்து வயல்களில் முதலிலேயே ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கிறது. நடவு முடிந்த நெல்வயலில் உழவர் விரும்பி நிறுத்திய நீரும், வடிய வழியின்றி நின்று பயிரைக் கொல்லும் நீரும் படத்தில் ஒரே கறுப்புதான். ஆயக்கட்டு முழுவதும் சம்பா நட்டிருக்கும் கார்த்திகையில் எடுத்த படத்தைக் கொண்டு நீர்தேங்கிய நிலத்தை அளக்கப் புகுந்தால், காவிரிப் படுகை முழுவதுமே கெட்டநிலம் என்று கணக்கு வரும். அந்நேரத்தில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் வானை மூடியிருப்பதால், ஒளிப்படம் கிடைப்பதே அரிது.

இவ்விரண்டு தடைகளுக்கும் ரேடார் ஒருவகையில் விடை தருகிறது. ரேடார் செயற்கைக்கோள் தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இரவும் அதற்குத் தடையில்லை. அசையாத நீர்ப்பரப்பில் பட்ட அலை வேறு திசையில் விலகிச் செல்வதால் அவ்விடம் இருளாகத் தெரியும். நெல் வளர வளரத் திரும்பும் அலை கூடி, வயல் படிப்படியாக ஒளிபெறும். சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்த படங்களை வரிசையாக அடுக்கினால், இருளில் தொடங்கி ஒளிபெற்ற வயல் நெல்வயல் என்றும், பருவம் முழுவதும் இருண்டே கிடந்தது நீர் நின்ற நிலம் என்றும் பிரித்தறியலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றோடு இணைந்து, இத்தகைய ரேடார் படங்களைக் கொண்டு நெற்பரப்பையும் நடவுக் காலத்தையும் கணக்கிட்டு வருகிறது. பயிர்க்காப்பீட்டுக்கும் அக்கணக்கு துணைசெய்துள்ளது.

தெரிந்து தெளிவோம்

திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார் ரேடார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று அங்கிருந்து ஏவப்பட்டது. 12 நாட்களுக்கு ஒருமுறை அது அதே நிலத்தை மீண்டும் காண்கிறது. அதன் நீண்ட அலை இலைகளை ஊடுருவக்கூடியது. ஆகவே பயிருக்கு அடியிலுள்ள மண்ணின் ஈரத்தையும் உணர வல்லது.

எண்ணிக்கை குறைந்தது ஏன்?

செயற்கைக்கோள் படங்கள் துல்லியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால், துல்லியமான கருவி எதனை அளக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். இக்கேள்வியின் தேவையை இரண்டு எண்கள் தெளிவாக்கும்.

நடுவண் அரசின் நீர்வள அமைச்சகம் அமைத்த பணிக்குழு 1991இல் அளித்த அறிக்கையின்படி, பாசனத் திட்டப் பகுதிகளில் நீர்தேங்கிய நிலம் 24.6 இலட்சம் எக்டேர். பின்னர் மத்திய நீர் ஆணையமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, நாடு முழுவதுமுள்ள பெரிய, நடுத்தரப் பாசனத் திட்டங்களைச் செயற்கைக்கோள் படங்களால் ஆராய்ந்தன. அதில் கிடைத்த அளவு ஏறத்தாழ 17 இலட்சம் எக்டேர். முதல் பார்வையில் ஏழு இலட்சம் எக்டேருக்கு மேல் நிலம் மீண்டுவிட்டதுபோல் தோன்றும். அவ்வாறு மகிழ்வது பிழையாகும்.

1991ஆம் ஆண்டுப் பணிக்குழுவின் வரையறையில், நிலத்தடி நீர்மட்டம் மேற்பரப்பிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தால் அது நீர்தேங்கிய நிலம். 2 முதல் 3 மீட்டருக்குள் இருந்தால் தேங்கும் வாய்ப்புள்ள நிலம். செயற்கைக்கோள் ஆய்விலோ மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிந்த நீரே கணக்கின் அடிப்படை. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நீர் நிற்கும் வயல் வானிலிருந்து பார்க்கும்போது உலர்ந்த வயலாகவே தெரியும். அங்கே விதைத்த உளுந்து மஞ்சளித்து நிற்பதும், விதைத்தவர் கடன்படுவதும் படத்தில் விழுவதில்லை. இரண்டு எண்களும் இரண்டு வேறு பொருள்களை அளந்தவை. அவற்றை ஒரே ஏணியில் வைத்து, கேடு குறைந்தது என்று முடிவுகட்டினால், வரையறையை மாற்றியே உழவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியதாகிவிடும்.

படத்தின் நுண்மையிலும் இத்தகைய இழப்பு உண்டு. ஐ.ஆர்.எஸ். 1ஏ-யின் முதல் கருவி ஒரு புள்ளியில் கண்ட நிலம் 72.5 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது. அதாவது, ஒன்றேகால் ஏக்கருக்கும் மேல். அரை ஏக்கர் உடையவரின் வயல் முழுதும் கெட்டிருந்தாலும் அண்டைவயலின் பசுமையில் அது மறைந்துவிடும். பின்வந்த கருவி 23.5 மீட்டர் அளவுக்கு நுண்மை பெற்றது. அது ஏறத்தாழ பதினான்கு சென்ட். ஐரோப்பாவின் சென்டினல்-2 காண்பது 10 மீட்டர், இரண்டரை சென்ட். கருவி கூர்மையாகுந்தோறும் சிறு உழவர் படத்தினுள் வருகிறார். பழைய படங்களில் அவர் இல்லாததற்குக் காரணம் அவர் நிலம் நன்றாக இருந்தமையன்று.

ஒருவர் ஊறல், மற்றொருவர் கிணறு

படம் எங்கே என்பதைச் சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. இதற்குக் கீழ்பவானிப் பாசனம் நல்ல எடுத்துக்காட்டு. 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் இம்மண்கால்வாய், ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். மேட்டில் செல்லும் கால்வாயில் கசிந்த நீர் பள்ளத்து நிலங்களில் ஊறுகிறது. அதே கசிவு ஆயிரக்கணக்கான கிணறுகளையும் நிரப்புகிறது.

கால்வாய்க்குக் கான்கிரீட் கரை அமைக்கும் திட்டம் வந்தபோது உழவர்களே இருகூறாகப் பிரிந்தனர். கடைமடை உழவர் பலர், தங்கள் வயலுக்குரிய நீர் வழியில் மண்ணுக்குள் போகிறது என்றனர். கசிவுநீரை நம்பிக் கிணற்றுப்பாசனம் செய்வோர், கான்கிரீட் வந்தால் கிணறு வறளும், தென்னை காயும் என்று போராடினர். இரண்டு தரப்பும் சொன்னது மெய்யே. வானிலிருந்து எடுத்த படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கறுப்பாகத் தெரியும் இடமெல்லாம் கேடு, ஆகவே கால்வாயை முழுதும் பூசிவிடலாம் என்று முடிவெடுத்தால் கிணற்றுக்காரர் அழிவார். கசிவு முழுவதும் நன்மையே என்றால் பள்ளத்து வயலுக்குரியவரும் கடைமடைக்காரரும் அழிவர். எந்த மைல்கல்லுக்கு அருகில் கசிவு கிணற்றை நிரப்புகிறது, எந்த இடத்தில் அது வயலைக் கெடுக்கிறது என்று பிரித்துக்காட்ட, படத்தோடு கிணறுகளின் நீர்மட்ட அளவும் மாதந்தோறும் வேண்டும். கெடுக்கும் இடத்தில் வடிகால் வெட்டலாம். அங்கு மட்டும் கரையைப் பூசலாம்.

திருவள்ளூர் மாவட்டத்து மாணவர்க்கு இதன் மறுபக்கம் அருகிலேயே உண்டு. கிருஷ்ணா நீரைக் கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரிக்குக் கொணரும் கால்வாய் ஊத்துக்கோட்டைப் பகுதி வழியே இம்மாவட்டத்தில் நுழைகிறது. 1996இல் நீர் வரத் தொடங்கியபின், வழியில் கசிவு மிகுந்து வரத்து குறைந்தமையால், பின்னாளில் ஆந்திரப் பகுதியில் அதன் கரை செப்பனிடப்பட்டுப் பூசப்பட்டது. குடிநீர்க் கால்வாய்க்கு அது பொருத்தமான தீர்வு. அதே மாவட்டத்தின் கடலோரமான மீஞ்சூரிலோ, மிகுதியாக இறைத்ததால் நிலத்தடியில் கடல்நீர் புகுந்துள்ளது. உப்பு அங்கும் வந்தது; ஆனால், நீர் உயர்ந்ததால் வரவில்லை, தாழ்ந்ததால் வந்தது. வெண்மையாகத் தெரியும் நிலத்துக்கு ஒரே மருந்து எழுதும் வழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

படம் ஊருக்குத் திரும்ப வேண்டும்

நாட்டின் பல கோடி ரூபாய்ச் செலவில் எடுக்கப்படும் இப்படங்கள் இன்று பெரும்பாலும் தலைநகர அலுவலகங்களிலும் ஆய்வேடுகளிலும் தங்கிவிடுகின்றன. மாவட்டம் தோறும் இத்தனை எக்டேர் என்ற எண் வெளிவருகிறது. எந்தப் புல எண் என்பது வெளிவருவதில்லை. பயிர்க்காப்பீடும் பெரும்பாலும் ஓர் ஊரின் அல்லது பிர்க்காவின் சராசரி விளைச்சலைக் கொண்டே இழப்பீட்டைக் கணக்கிடுகிறது. ஊர் முழுவதும் விளைந்து, பள்ளத்தில் உள்ள ஐந்து பேர் நிலம் மட்டும் கெட்டால் அச்சராசரி அவர்களைக் காப்பதில்லை. வானத்துக் கண்ணின் பயன் அந்த ஐந்து வயல்களைத் தனித்துக் காட்டுவதில்தான் இருக்கிறது. படத்தை அடங்கலோடும் புல வரைபடத்தோடும் இணைத்துக் கிராம நிருவாக அலுவலர் கையில் கொடுப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இன்றில்லை.

கொடுத்தபின் ஊரார் அதனைத் திருத்தவும் வழிவேண்டும். கறுப்பாகத் தெரியும் ஓரிடம் கெட்ட வயலா, புதிதாக வெட்டிய மீன்குட்டையா என்பதைக் கால்நடை மேய்க்கும் சிறுவனும் சொல்வான். படத்தில் உலர்ந்து தெரியும் வயலில் எத்தனை முழம் தோண்டினால் நீர் வரும் என்பதும் ஊருக்குத் தெரியும். ஆயக்கட்டின் ஒவ்வொரு மதகடியிலும் துளையிட்ட குழாய் ஒன்றைச் சில மீட்டர் ஆழத்தில் இறக்கிவைத்தால் அதுவே கண்காணிப்புக் கிணறு. அளவுநாடா போதும், பள்ளி மாணவர்களும் அளக்கலாம்.

நோய் எங்கே என்று தெரிந்தபின் மருந்துகள் உள்ளன. 1969இல் அமைந்து பின்னர் கர்னாலில் இயங்கிவரும் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன், அரியானாவில் நிலத்தடியில் துளைக்குழாய்களைப் பதித்து நீரை வடித்து, உப்பேறிய வயல்கள் மீட்கப்பட்டுள்ளன. களர்நிலத்துக்கு ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழும் முறையைத் தமிழக உழவர் அறிவர். களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். நெல் வகைகள் திருச்சியில் உருவாக்கப்பட்டன. எனினும், வடிகாலின்றி ஜிப்சம் மட்டும் இடுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும். காவிரிப் படுகையிலோ மேலூருக்கு வடிகாலாக இருக்கும் ஆறே கீழூருக்குப் பாசன ஆறாகவும் அமைந்துள்ளது. ஓரூரார் தனித்து வடித்துக்கொள்ள இயலாது. ஊர்கள் கூடிப் பேச ஒரு பொதுப்படம் வேண்டும்.

அப்படம் எடுப்பதற்குக் காலமும் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடப்படும். சம்பா அறுவடை முடிந்த தாள்களுக்கிடையே, எஞ்சிய ஈரத்தில் உளுந்தும் பயறும் முளைக்கும். மாசியில் படம் எடுத்தால் அவ்வயல்கள் சிவந்து தோன்றும். நீர் வடியாத வயல் உளுந்தை ஏற்காமல் வெறுமையாகவோ கறுத்தோ கிடக்கும். சித்திரையில் எடுத்தால் உப்புப் பூத்த இடங்கள் வெண்மையாகத் தெரியும். அவ்விரு படங்களையும் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து, ஐயமான இடத்தில் குழிதோண்டிப் பார்க்கப் பணியாளர்க்கு வைகாசி முடியும்வரை நேரம் இருக்கிறது. ஜூன் 12 அன்று மேட்டூர் மதகு திறந்து, குறுவைக்கு நீர் பாய்ந்துவிட்டால், நல்ல வயலும் கெட்ட வயலும் படத்தில் மறுபடியும் ஒரே கறுப்பாகிவிடும்.